மாடக்குழிக்கு மேலே ஒரு பல்பு

மாலை ஆறு மணி இருபது நிமிடம். நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பா அதைச் சிவப்பு மசியில் எழுதி வைத்திருந்தார். அவர் பத்திரம் எழுதுகிறவர். எதையும் எழுதி வைத்தால்தான் அது நடந்ததாக அவருக்கு நம்பிக்கை வரும். எங்கள் வீட்டுக்கு அவர் போட்டிருந்த வரைபடத்தின் ஓரத்தில் "சமையற்கட்டில் விளக்கு ஏற்றிய நேரம் மாலை 6.20" என்று எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் ஸ்விட்சைப் போட்டார். சுடுகஞ்சி என் காலில் கொட்டியது ஏழு மணி வாக்கில். ஆனாலும் தவறு தொடங்கியது ஆறு இருபதுக்குத்தான் என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிம்னி விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தவர்கள் நாம். ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்பது நமக்குப் பிறகு பிறந்தவர்களுக்குச் செய்தியே அல்ல. போன வாரம் என் மகள், பதினாலு வயதுக்காரி, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினாள். ஆவி ஒரு பக்கம் புஸ்ஸென்று போயிற்று. அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. "என்னம்மா, ஒண்ணுமே ஆகலையே" என்றாள். ஒன்றும் ஆகவில்லைதான். அவள் கால் இரண்டையும் குனிந்து பார்த்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன்.

இப்போது பெரம்பலூரில் வீடு கட்டுகிறோம். வயரிங் வேலைக்கு வருகிறவர் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறி போட்டுக்கொண்டே போனார். கூடம், படுக்கையறை, வாசல் எதிலும் நான் வாய் திறக்கவில்லை. சமையலறைக்கு வந்ததும் அவர் போட்ட குறியை முந்தானையால் அழித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவரிடம், "மத்ததுக்கெல்லாம் என்னக் கேளுங்க, இந்த ரூமுக்கு மட்டும் அம்மாதான் இன்ஜினீயர்" என்றார். இருக்கட்டும். சமையலறை விளக்கைப் பொறுத்தவரை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. விளக்கு வேலை செய்கிறவளின் கைக்கு முன்னால் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். பக்கச் சுவரில், தலைக்குச் சற்று மேலே. அம்மி, மிக்ஸி எது வைத்தாலும் அந்த இடத்துக்குத் தனியாக ஒன்று. ஸ்விட்ச், கதவு நிலைக்கு உட்புறம், தண்ணீர்க் கை படாத தூரத்தில். இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டது அல்ல. என் இடது காலில், பெருவிரலிலிருந்து கணுக்கால் வரை எழுதி வைத்திருக்கிறது.

அரியலூரில் ரயிலடிக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. உலகச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் இன்னும் அளந்துதான் கிடைத்தது. அந்த ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு மின்கம்பம் வந்தது. கார்த்திகைக்குள் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே பிடிவாதம்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தி. சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. விழுப்புரத்தில் இருந்தார், மாதம் ஒரு தடவை வந்து போவார். சித்தி கல்யாணமாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குன்னத்துப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் பருத்தியும் வெங்காயமும் போடுகிறவர்கள். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு உரித்தால் கண் கரிக்காது என்று எனக்குக் காட்டியவள் அவள்தான். "அரியலூர்க்காரங்க வெங்காயத்த எண்ணிப் பாத்துத்தான் கொழம்புல போடுவீங்களா பாப்பா?" என்று என்னைச் சீண்டுவாள். அம்மா காதில் விழாத மாதிரி சொல்வாள். அம்மா காதில் விழும்.

பகல் சமையல் அம்மாவுடையது. பொழுது சாய்ந்தபின் சோறு வடித்து ஒரு குழம்பு வைப்பது சித்தியின் முறை. சித்தி வருவதற்கு முன்னால் அம்மா இருட்டுவதற்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். எங்கள் சமையற்கட்டில் அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டித் தரையோடு இருந்தது. மணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து சமைக்க வேண்டும். எதிர்ப்பக்கம், அதாவது சமைக்கிறவளின் முதுகுப் பக்கம், மேற்குச் சுவரில் மாடக்குழி. அதில்தான் விளக்கு.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மாடக்குழியில் இருந்த அகல் விளக்கு சாமிக்கு. அந்தியில் அதை ஏற்றி, கும்பிட்டு, அத்தோடு சரி. சமைப்பதற்கு வேறு விளக்கு. சித்தி உட்காரும்போது சிம்னி விளக்கை எடுத்துப் போய், அடுப்புக்கு அந்தப் பக்கம், பானைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். அதன் கண்ணாடி வாயில் ஒரு துண்டு உடைந்து போயிருந்தது. அந்த இடத்தில் காகிதம் ஒட்டி, காகிதமும் கருகிப் பழுப்பாகியிருந்தது. என் கை சிறியது என்பதால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. உள்ளே கையை விட்டுத் திருப்பும்போது துணி கிறீச்சென்று சத்தம் போடும்; அப்போதுதான் சுத்தமானதாகக் கணக்கு. வேலை முடிந்ததும் சித்தி அதைத் திரி இறக்கி ஓரமாக வைத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் அப்பா சாப்பிட வருவார். அவர் கண்ணில் படுவது மாடக்குழி விளக்கு மட்டும்தான். அந்த வெளிச்சத்தில்தான் சமையல் நடக்கிறது என்று அவர் அத்தனை நாளும் நினைத்திருந்தார்.

திருச்சியிலிருந்து வயர்மேன் வந்தார். தேக்குச் சட்டங்களை ஒரு கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, பையில் பீங்கான் கப்பிகளும் கறுப்பு ஸ்விட்சுகளும் கலகலக்க வந்து இறங்கினார். எனக்கு அந்தப் பீங்கான் கப்பிகள்மேல் ஒரே ஆசை. உடைந்தது ஒன்றைக் கொடுத்தார். "எங்கெங்கன்னு கோடு போட்டுக் குடுத்துடுங்க சார், நான் அடிச்சுட்டுப் போயிட்டே இருக்கேன்" என்றார். அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். பத்திரத்தாளின் பின்புறத்தில் வீட்டை அளந்து வரைந்தார். வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, அவர் எழுதுகிற மேசைக்கு மேல் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று. நான்கு சிவப்பு வட்டங்கள். மேசை விளக்கு மட்டும் இடது பக்கம் இருக்க வேண்டும், எழுதுகிற கை நிழல் தாளில் விழக்கூடாது என்று வயர்மேனிடம் மூன்று தடவை சொன்னார். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. தன் கையின் நிழலைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெளிவு இருந்தது.

எங்கள் வீட்டு வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். அவர் கூடத்துக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஆகவே சித்தி என்னைப் பிடித்தாள். புழக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்:

"பாப்பா, அப்பாக்கிட்டப் போயி வெளக்கு அடுப்புக்கு அந்தாண்ட இருந்தா தேவலாம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிடாத, நீயா கேக்குற மாரி கேளு."

நான் நேராகப் போய், "அப்பா, சித்தி வெளக்க அடுப்புக்கிட்ட வைக்கச் சொல்லிச்சு" என்றேன்.

வயர்மேன் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார், ஆனால் வேறு மாதிரி. அடுப்புக்கிட்ட வைத்தால் ஒரு வாரத்தில் பல்பு புகை பிடித்துக் கரியாகிவிடும் என்று பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "வெளக்குக்குன்னு நம்ம வூட்ல ஒரு எடம் இருக்குல்ல, அங்கயே போடுங்க" என்று வயர்மேனுக்கு மாடக்குழியைக் காட்டினார். அதற்கு ஒரு முழம் மேலே வட்டமான மரக்கட்டை ஒன்று அடிக்கப்பட்டது. வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையுமாக ஓர் எனாமல் குல்லா, அதற்குள் பல்பு.

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், வந்து முழுசா வருசம் ஆகலை, அதுக்குள்ள வெளக்கு எங்க வைக்கணும்னு சொல்ற அளவுக்கு வந்தாச்சா என்று கேட்டார். அம்மாவுக்கும் கோபம்தான், ஆனால் அது வேறு கோபம். சமையற்கட்டைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வதானால் அதை அவள் அல்லவா சொல்ல வேண்டும்? அவளை அப்பாவும் கேட்கவில்லை, சித்தியும் கேட்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம்கூட அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை ஆறு இருபது.

அப்பா ஸ்விட்சைத் தட்டியதும் முதலில் எங்களுக்குத் தெரிந்தது அழுக்கு. விட்டத்தில் தொங்கிய ஒட்டடை, சுவரில் பல வருடத்துக் கரி, உறியின் கயிற்றில் பிசுபிசுப்பு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒருத்தி, "இத்தினி நாளு இருட்டு நம்ம மானத்தக் காப்பாத்திட்டு இருந்திருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் பல்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்பா வீட்டிலிருந்த மூன்று சிம்னி விளக்கையும் தாமே எடுத்துப் போய்ப் பரண்மேல் வைத்தார். இனி இந்த வீட்டில் மண்ணெண்ணெய் நாற்றம் கிடையாது என்றார். வந்தவர்கள் போனார்கள். அப்பா தெருவுக்குப் போய், எங்கள் வீடு வெளியிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தி மணையில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஈரவிறகு, ஊதிக்கொண்டே இருந்தாள். சோறு வெந்தது. வெண்கலப் பானையை இறக்கி, வாயில் வடிதட்டை வைத்து, துணியால் சேர்த்துப் பிடித்து, கஞ்சிச் சட்டியின்மேல் சாய்த்தாள். தினமும் செய்கிற வேலை. அவள் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு வெளிச்சம். அவளுக்கு முன்னால், பானைமேலும் சட்டிமேலும் என் காலின்மேலும், அவளுடைய நிழல். தட்டு விளிம்பில் சரியாகப் பொருந்தவில்லை. நழுவியது. கஞ்சி சட்டிக்கு வெளியே பாய்ந்தது.

வலியை நான் எழுதப் போவதில்லை. அப்பா ஓடி வந்து, கையில் கிடைத்த நீல மசிப் புட்டியை அப்படியே காலில் கவிழ்த்தார். சுட்ட புண்ணுக்கு மசி நல்லது என்று அந்தக் காலத்து நம்பிக்கை. கால் முழுக்க நீலம். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு சித்தியைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"தெரியலக்கா" என்றாள் சித்தி. அம்மா திரும்பவும் கேட்டாள். "தெரியலக்கா, நெசமா தெரியல."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். புள்ள கால்ல கொதிக்கிற கஞ்சிய ஊத்திட்டு, ஏன்னு கேட்டா தெரியலையாம், என்றார். இரண்டு நாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததும் அவருக்கு நினைவு வந்தது. விளக்கு அவள் கேட்ட இடத்தில் வைக்காத கோபத்தைப் பிள்ளைமேல் காட்டிவிட்டாள் என்று முடிவாயிற்று. ஒருமுறை முடிவானதை அப்பா எழுதிவிடுவார். மறுநாள் காலையில் சித்தியின் அப்பாவுக்கு ஒரு கார்டு போயிற்று. "குழந்தைக்குத் தீங்கு நேரும்படி நடந்துகொண்டபடியால் தங்கள் குமாரத்தியைத் தாங்கள் வந்து அழைத்துச் செல்ல வேண்டியது." சித்தப்பாவுக்கு ஒன்று போயிற்று. லீவு கிடைக்கவில்லை, அண்ணன் எது செய்தாலும் சம்மதம் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அழைத்துப் போனால் பிறகு கூப்பிடமாட்டார்கள் என்பது எட்டு வயதில் எனக்கே தெரிந்திருந்தது. எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவள் ஒருத்தி இருந்தாள்.

சித்தி அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்றாயிற்று. தண்ணீர் இறைத்தாள், மாட்டுக்கு வைத்தாள். இருட்டினால் புழக்கடைத் தாழ்வாரத்தில் தன் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்க அவளை விடவில்லை. நான் சமையற்கட்டுக்கு அடுத்த அறையில் வாழையிலையில் காலை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நிலை வழியாக அடுப்பு எனக்கு நேராகத் தெரியும்.

அந்தி வேலையும் இப்போது அம்மாவுடையது. முதல் நாள் பகலிலேயே எல்லாம் முடித்துவிட்டாள். இரண்டாம் நாள் மழை, விறகு பிடிக்கவில்லை, இருட்டிவிட்டது. பல்பு எரிந்தது. அம்மா பானையை இறக்கித் தட்டை வைத்தாள். குனிந்து பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"ஒண்ணும் தெரியலயே" என்று தனக்குத்தானே சொன்னாள்.

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். துணி பிடித்த இரண்டு கையும் பானைமேல் இருந்தன. பிறகு பானையைத் திரும்ப அடுப்பிலேயே வைத்துவிட்டுப் பரணில் கையை விட்டு, அந்த உடைந்த கண்ணாடிச் சிம்னி விளக்கை எடுத்தாள். ஏற்றினாள். சித்தி வைக்கிற அதே இடத்தில், பானைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். கஞ்சியை வடித்தாள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஊதி அணைத்து, முறத்துக்குப் பின்னால் தள்ளினாள்.

"என்ன மண்ணெண்ண வாசன?" என்றார் அப்பா.

பழைய துணி, என்றாள் அம்மா.

மறுநாளும் அப்படியே செய்தாள். அதற்கு மறுநாளும். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. சித்தியிடமும் சொல்லவில்லை. இதை நான் பல வருடம் அம்மாவின் கணக்கில் பெரிய குற்றமாக எழுதி வைத்திருந்தேன். என் மகள் பிறந்த பிறகு கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். சுட்ட காலோடு பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது பெற்றவளுக்குக் கோபப்பட ஓர் ஆள் வேண்டும். பல்பின்மேல் கோபப்பட முடியாது. தப்பு விளக்கு இருக்கும் இடத்தில் என்றால், அது அப்பாவின் சிவப்பு வட்டத்தில் என்று ஆகும். அதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை. எனக்கு இருந்தது. நான் பிள்ளை, என்னை யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். சித்தி எதற்காக அந்த இடம் கேட்டாள் என்பது நான்கைந்து நாளில் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முதலில் அவள் பெயரைச் சொல்லிக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயந்து, காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இன்றைக்கு வயரிங்காரர் போட்ட குறியை முந்தானையால் அழிக்கிற துணிச்சல் எனக்கு அப்போது இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. சித்தியின் அப்பா வருவார் என்று எதிர்பார்த்துப் பாயைப் போட்டு வைத்திருந்தார்கள். இறங்கியது சித்தியின் அம்மா. கூட வண்டி ஓட்டி வந்த ஆளைத் தவிர யாருமில்லை. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, அதனால் தாம் வந்ததாகச் சொன்னார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, அழுத்தமான பெண்மணி. கையில் வண்டித் தூசி, காதில் பெரிய தோடு. அப்பா கூடத்தில் நின்றபடியே நடந்ததைப் பத்திரம் வாசிக்கிற மாதிரி முழுக்கச் சொன்னார். முடிந்ததும் சித்தியின் அம்மா என்னிடம் வந்து காலைத் தூக்கித் தம் மடியில் வைத்துப் பார்த்தார். இலையை விலக்கி லேசாக ஊதினார். "வலிக்குதா கண்ணு?" என்றார். நான் தலையாட்டினேன்.

பிறகு தாழ்வாரத்துப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். சித்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டே வந்தாள். கட்டிப்பிடிப்பது அழுவது எதுவும் நடக்கவில்லை. என்னடி ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

"தெரியலம்மா."

அப்பா தொண்டையைக் கனைத்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. சித்தியின் அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தார்.

"எங்க தெரியல? வா, காட்டு."

அந்த ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் ஏழு நாளாக ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். எங்கே என்று கேட்கவில்லை.

இருவரும் சமையற்கட்டுக்குள் போனார்கள். அங்கே அம்மா இருந்தாள். அப்பா வீட்டில் இருந்ததால் அன்றைக்குச் சிம்னி விளக்கு இல்லை, பல்பு மட்டும். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சித்தியின் அம்மா எங்கள் அம்மாவைத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு மணையில் உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். ஆவி எழும்பியது. கரண்டியை உள்ளே விட்டுப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தம் முதுகுக்குப் பின்னால் எரிகிற பல்பைப் பார்த்தார். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு முறத்துக்குப் பின்னாலிருந்து சிம்னி விளக்கை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி, தரையில் வைத்தாள்.

அப்பா நிலைப்படியில் வந்து நின்றார். சித்தியின் அம்மா எழுந்து, மணையைப் புடவையால் ஒருமுறை துடைத்தார்.

"சம்பந்தி, பொண்ணக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன். வண்டி வாசல்லதான் நிக்குது. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு நிமிசம் இங்க வந்து ஒக்காருங்க. இந்தப் பானையில சோறு எதுமட்டும் இருக்கு, கஞ்சி எதுமட்டும் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க, நான் கெளம்புறேன்."